காலாவதி மருந்தை அலமாரியிலிருந்து அகற்றுவது எப்படி?

முதியோர் இல்லத்திலோ வீட்டிலோ நோயாளியைக் கவனிக்கும் வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்கு இது. ஒரு நோட்டு, பூட்டக்கூடிய டப்பா, அழியாத மை பேனா போதும்.

முதலில் அலமாரியை மொத்தமாகக் காலி செய்யுங்கள். ஃபிரிட்ஜ் கதவு, கட்டிலோரப் பை, தலையணை அடி எதையும் விடாதீர்கள். 06/2025 என்று போட்டிருந்தால் ஜூன் 30 வரை கொடுக்கலாம், ஜூலை 1 முதல் கூடாது. கத்தரித்த மாத்திரை அட்டையில் தேதி இருந்த ஓரம் போயிருக்கும். தேதி தெரியாத துண்டையும் காலாவதிக் கணக்கிலேயே சேருங்கள்.

அடுத்ததில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பெட்டியில் அச்சிட்ட தேதி, பிரிக்காத மருந்துக்கு. திறந்துவிட்டால் கணக்கே வேறு. கண் சொட்டு மருந்து பெரும்பாலும் 4 வாரம், பல இன்சுலின் வகைகள் 28 நாள், தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப் பொதுவாக 7 முதல் 14 நாள். உள்ளிருக்கும் தாளில் வேறு எண் இருந்தால் அதையே பின்பற்றுங்கள். திறந்த தேதியைப் பாட்டில் உடம்பில் எழுதுங்கள். மூடியில் எழுதினால், மூடி மாறும்போது தேதியும் மாறிப்போகும்.

"பழசானால் வீரியம்தான் குறையும்" என்பவர்கள் உண்டு. காலாவதியான டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சாப்பிட்டுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி 1963-லேயே மருத்துவ இதழ்களில் வந்துவிட்டது.

ஒதுக்கியதை டப்பாவில் போட்டு, மேலே "கொடுக்கக் கூடாது" என்று எழுதிப் பூட்டுங்கள். பெயர், அளவு, எண்ணிக்கை நோட்டில் ஏறட்டும். மார்ஃபின் போன்ற கடும் வலி மருந்துகளை இருவர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட வேண்டும். அன்றே புதிய மருந்துக்குச் சொல்லிவிடுங்கள், ஒரு வேளைகூடத் தவறக் கூடாது.

மருந்துக்கடையோ மருத்துவமனையோ திரும்ப வாங்கிக்கொண்டால் அங்கே கொடுப்பதுதான் நல்லது. இல்லமென்றால் மருத்துவக் கழிவு எடுப்பவர்களிடம்தான் போக வேண்டும். வீட்டில் இரண்டுக்கும் வழியில்லை என்றால், சாதாரண மாத்திரைகளைப் பொடிக்காமல் மண்ணோடோ காபிச் சக்கையோடோ கலந்து, உறையில் இறுக மூடிக் குப்பையில் போடலாம். இன்ஹேலரில் ஓட்டை போடாதீர்கள், எரிக்காதீர்கள். பெட்டியிலுள்ள நோயாளி பெயரை அடித்துவிடுங்கள்.

தோலில் ஒட்டும் கடும் வலி மருந்தான ஃபென்டனில் பேட்ச் மட்டும் தனி ரகம். உடம்பிலிருந்து கழற்றிய பிறகும் அதில் மருந்து மிச்சமிருக்கும். எடுத்து ஒட்டிக்கொண்ட குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். பசைப் பக்கம் உள்ளே போகும்படி உடனே மடித்து, எப்படி அகற்றுவதென்று அதன் தாளில் பாருங்கள்.

தெரியாமல் காலாவதி மாத்திரையைக் கொடுத்துவிட்டீர்களா? மறைக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள். அட்டை கையில் இருக்கட்டும். பெயரும் தேதியும் அதில்தான் இருக்கின்றன.