பாதியில் நின்று பீப் அடிக்கும் வாஷிங் மெஷின்: காரணத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

வாஷிங் மெஷின் பாதியில் நின்று பீப் அடித்தால் கை முதலில் போவது ஸ்விட்சுக்குத்தான். கொஞ்சம் பொறுங்கள். அணைத்ததும் டிஸ்ப்ளேயில் இருந்த பிழைக் குறியீடு மறைந்துவிடும். எந்தக் கட்டத்தில் நின்றது என்பதும் தெரியாமல் போகும். ஆனால் கருகல் வாடை, புகை, மெஷினுக்கு அடியில் தண்ணீர் என்று ஏதாவது இருந்தால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள். ஈரத் தரையில் நின்றுகொண்டு பிளக்கைத் தொட வேண்டாம்.

படி 1: எந்தக் கட்டத்தில் நின்றது?

டிஸ்ப்ளேயைப் போட்டோ எடுங்கள். டிஸ்ப்ளே இல்லாத மாடல் என்றால் விளக்குகள் மின்னுவதை வீடியோ எடுங்கள். அடுத்து டிரம்முக்குள் பாருங்கள். துணி காய்ந்தோ லேசாக நனைந்தோ இருந்தால் தண்ணீர் உள்ளே வருவதில் கோளாறு. தண்ணீர் தேங்கி நின்றால் பெரும்பாலும் வெளியேறுவதில். தண்ணீர் போய்விட்டது, துணி மட்டும் சொட்டச் சொட்டக் கிடக்கிறது என்றால் மெஷின் பிழிய முயன்று கைவிட்டிருக்கிறது.

பல எல்ஜி மாடல்களில் ‘ஐ இ’ என்றால் தண்ணீர் வரவில்லை, ‘ஓ இ’ என்றால் வெளியேறவில்லை, ‘யூ இ’ என்றால் துணி ஒரு பக்கம் குவிந்திருக்கிறது, ‘டி இ’ என்றால் கதவு சரியாக மூடவில்லை. சாம்சங்கில் ‘4 சி’ தண்ணீர் வரத்தையும் ‘5 சி’ வெளியேற்றத்தையும் குறிக்கும். ஒரு நிறுவனத்தின் பட்டியலை இன்னொன்றுக்குப் பொருத்தாதீர்கள்: ‘எல் இ’ என்பது எல்ஜியில் மோட்டார் கோளாறு, பல சாம்சங் மாடல்களில் தண்ணீர்க் கசிவு. உங்கள் மாடலின் கையேடுதான் கடைசி வார்த்தை.

படி 2: இது கோளாறுதானா?

சைல்டு லாக் போட்டிருந்தால் எந்தப் பொத்தானைத் தொட்டாலும் பீப் அடிக்கும். பூட்டுப் படம் எரிகிறதா பாருங்கள். ‘ரின்ஸ் ஹோல்ட்’ வசதி தேர்வாகியிருந்தால் கடைசி அலசலுக்குப் பிறகு, தண்ணீரோடு மெஷின் வேண்டுமென்றே நிற்கும். ஸ்பின் கொடுத்தால் போதும். இரண்டும் இல்லையென்றால் மேலே போகலாம்.

படி 3: தண்ணீர் வரவில்லை என்றால்

குழாய் முழுதாகத் திறந்திருக்கிறதா, ஹோஸ் எங்காவது மடங்கி நசுங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது சரியென்றால் குழாயை மூடி, பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஹோஸை மெஷின் பக்கம் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டுக் குழாயைத் திறங்கள். 10 லிட்டர் வாளி ஒரு நிமிடத்துக்குள், கொஞ்சம் முன்பின்னாக, நிரம்ப வேண்டும். இரண்டு நிமிடம் தாண்டினால் வரத்து போதவில்லை. மெஷின் குறித்த நேரத்துக்குள் நீர்மட்டம் உயர்கிறதா என்றுதான் பார்க்கிறது. மெதுவாக வந்தாலும் வரவில்லை என்றே எடுத்துக்கொள்ளும். தொட்டியிலிருந்து வரும் தண்ணீருக்கு 10 மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு ‘பார்’ (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம்தான் கிடைக்கும். தொட்டி மெஷினுக்குச் சற்று மேலேயே இருந்தால் இந்தத் தொல்லை அடிக்கடி வரும்.

வாளியில் வரத்து நன்றாக இருந்தால் அடைப்பு மெஷின் வாயில். ஹோஸ் கழற்றிய இடத்தில் சிறிய வலை ஃபில்டர் தெரியும். அதன் நடுவில் உள்ள பிடியைப் பிளையரால் மெதுவாக நேரே இழுத்து, பழைய டூத் பிரஷால் தேய்த்துக் கழுவி, அதே இடத்தில் பொருத்துங்கள். வலை இல்லாமல் ஓட்டாதீர்கள். மணல் உள்ளே போனால் வால்வு மூடாமல் போய், அணைத்த பிறகும் தண்ணீர் ஏறும்.

வரத்தும் சரி, வலையும் சுத்தம், ஆனால் மெஷின் நிரப்பிக்கொண்டே இருந்துவிட்டு ‘தண்ணீர் வரவில்லை’ என்கிறதா? இங்கேதான் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். கழிவு ஹோஸின் முனை மிகத் தாழ்வாகவோ, சுவர்க் குழாய்க்குள் ஆழமாகச் செருகியோ இருந்தால், உள்ளே வரும் தண்ணீர் தானாகவே இழுபட்டு வெளியே போய்க்கொண்டிருக்கும். நிரப்பும் நேரத்தில் கழிவுக் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் இதுதான். ஃப்ரண்ட் லோடில் ஹோஸ் முனை பொதுவாகத் தரையிலிருந்து 60 முதல் 100 செ.மீ. உயரத்தில், சுற்றிலும் காற்று போக இடைவெளியோடு இருக்க வேண்டும்.

படி 4: தண்ணீர் வெளியேறவில்லை என்றால்

ஃப்ரண்ட் லோடில் பம்ப் ஃபில்டர் அடைப்பே முதல் சந்தேகம். வெந்நீரில் துவைத்திருந்தால் ஆறும் வரை காத்திருங்கள். பிளக்கைப் பிடுங்கி, முன்பக்கம் கீழ் மூலையில் உள்ள சிறிய மூடியைத் திறந்து, அடியில் ஒரு தட்டையான தட்டும் பழைய துண்டும் வையுங்கள். மெல்லிய ரப்பர் குழாய் இருந்தால் அதன் அடைப்பானைக் கழற்றித் தண்ணீரை முதலில் வடியுங்கள். இதை அவசரத்தில் விட்டுவிட்டால் ஃபில்டரைத் திறந்ததும் டிரம்மில் உள்ளது முழுவதும் தரைக்கு வரும். பிறகு ஃபில்டரை இடப்புறமாகச் சுழற்றி எடுத்து, நூல், நாணயம், ஹேர்பின், பட்டன் எல்லாவற்றையும் அகற்றுங்கள்.

ஃபில்டர் இருந்த குழிக்குள் டார்ச் அடித்தால் பம்பின் சின்ன விசிறி தெரியும். விரலால் சுற்றுங்கள். கொஞ்சம் தடுக்கித் தடுக்கிச் சுற்றுவது இயல்பு. உள்ளே காந்தம் இருக்கிறது. சுற்றவே மறுத்தால் முடியோ நூலோ சிக்கியிருக்கும். ஃபில்டரை இறுக்கமாகத் திருகி, துணியில்லாமல் ‘ரின்ஸ் ஸ்பின்’ ஒரு முறை ஓட்டி, மூடியோரம் கசிகிறதா பாருங்கள்.

டாப் லோடு என்றால் ஹோஸில் மடிப்போ அடைப்போ இருக்கிறதா பாருங்கள். பம்ப் இல்லாத வகையில் தண்ணீர் தானாக வடிய வேண்டும் என்பதால் ஹோஸ் தரையோடு தாழ்வாகவே கிடக்க வேண்டும்.

டிரம் முழுக்க நுரையா? பம்பால் நுரையைத் தள்ள முடியாது. கையால் துவைப்பதற்கான பவுடரை மெஷினில் போடுவதுதான் வழக்கமான காரணம். பவுடர் சேர்க்காமல் இரண்டு முறை அலச விடுங்கள். அடுத்த முறை குறைந்த நுரை வரும் வகையை, பாக்கெட்டில் சொன்ன அளவுக்கு மேல் போகாமல் போடுங்கள்.

படி 5: பிழியும் நேரத்தில் நின்றால்

ஒற்றைப் போர்வையோ ஒரே ஒரு கனத்த துண்டோ டிரம்மின் ஒரு பக்கம் ஒட்டிக்கொள்ளும். மெஷின் தண்ணீர் சேர்த்துக் கலைத்துப் பார்க்கும்; முடியாவிட்டால் பீப். துணியைப் பிரித்துப் பரப்பி, இரண்டு மூன்று துண்டுகளைச் சேர்த்து மறுபடி ஸ்பின் கொடுங்கள். தண்ணீர் புகாத ரெயின்கோட், தார்ப்பாய் வகைகளைப் பிழியவே விடாதீர்கள். உள்ளே அடைபட்ட தண்ணீர் வேகத்தில் ஒரு பக்கம் சாய்ந்தால் மெஷின் தூக்கியெறியப்படும்.

துணி சரியாக இருந்தும் ஒவ்வொரு முறையும் இப்படி நின்றால் மெஷினின் கால்களைப் பாருங்கள். மேல்பலகையை எதிரெதிர் மூலைகளில் அழுத்தினால் ஆடக்கூடாது. ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகிச் சரிசெய்து, பூட்டு நட்டை அடிப்பாகத்தோடு சேர்த்து இறுக்குங்கள். புதிய ஃப்ரண்ட் லோடு என்றால் பின்புறம் உள்ள போக்குவரத்து போல்ட்டுகளை (கொண்டுவரும்போது டிரம் ஆடாமல் இருக்கப் போட்டவை) எடுத்தாயிற்றா என்றும் பாருங்கள்.

டாப் லோடில் பிழிதல் தொடங்கும் கணத்திலேயே பீப் அடித்தால் மூடியைத் திறந்து அழுத்தி மூடுங்கள். ஃப்ரண்ட் லோடில் ரப்பர் வளையத்தில் துணி மாட்டியிருக்கும். கதவை இழுத்துப் பார்க்காதீர்கள். பூட்டு விட ஓரிரு நிமிடம் ஆகும்.

இவ்வளவுக்கும் பிறகு அதே குறியீடு வந்தால், பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் கழித்து ஒரு முறை முயலலாம். மோட்டார், ஹீட்டர், நீர்மட்ட சென்சார் குறியீடுகளையும், சுத்தமான பம்ப் ‘உம்’ என்று முனகிக்கொண்டே தண்ணீரைத் தள்ளாமல் நிற்பதையும் மெக்கானிக்கிடம் விடுங்கள். பின்பலகையைக் கழற்றிப் பார்க்கும் வேலை புதியவர்களுக்கு வேண்டாம்.