புளூடூத் தானாகத் தொடங்குவதை நிறுத்தப் போய்ச் செய்யும் தவறுகள்

கிளிநொச்சியில் பின்னேரங்களில் கொஞ்சப் பிள்ளைகளுக்குக் கணினி சொல்லிக் கொடுக்கிறேன். அவர்கள் கொண்டு வருவதில் பெரும்பாலானவை யாரோ பாவித்து விட்ட லப்டொப்கள், விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளம் போட்டால்தான் ஓரளவு வேகமாக ஓடும். அவர்களிடமிருந்து அடிக்கடி வரும் முறைப்பாடு இது: "சேர், எத்தனை தரம் நிப்பாட்டினாலும் அடுத்த நாள் திரும்பவும் புளூடூத் ஒன் ஆகுது." சின்ன விஷயம் போலத்தான் தெரியும். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் அம்மா போனில் அம்மன் பாட்டுப் போட ஸ்பீக்கரை ஒன் பண்ணினால் அது போய் மகனின் லப்டொப்போடு ஒட்டிக்கொள்கிறது, பாட்டு வராமல் வீட்டில் சத்தம்தான் வருகிறது.

பற்றரிக்காக நிறுத்துகிறேன் என்பவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். எதோடும் இணையாமல் சும்மா இருக்கும் புளூடூத் குடிக்கும் மின்சாரம் மிகக் குறைவு, கரண்ட் போன நேரத்தில் திரை வெளிச்சத்தைக் குறைப்பது அதைவிடக் கூடிய பலன் தரும். பாதுகாப்புக்காக நிறுத்துகிறேன் என்றால் அது சரியான காரணம். 2017 இல் வெளிவந்த புளூபோர்ன் என்ற புளூடூத் பாதுகாப்பு ஓட்டைகள் லினக்ஸையும் தொட்டன, 2023 டிசம்பரில் வெளிவந்த இன்னொரு ஓட்டையில், மற்றவர்கள் கண்டுபிடிக்கக்கூடிய நிலையில் விட்ட கணினிக்குப் பக்கத்தில் இருப்பவர் தன்னை ஒரு கீபோர்ட் என்று காட்டி, அனுமதி கேட்காமலே எழுத்துகளைத் தட்ட முடிந்தது. இரண்டுக்கும் திருத்தம் வந்துவிட்டது, அப்டேட் செய்யாதவர்களுக்குத்தான் ஆபத்து.

சரி, தவறுகளுக்கு வருவோம். எல்லாவற்றுக்கும் தாய்த் தவறு, யார் ஒன் பண்ணுகிறார்கள் என்று பார்க்காமலே எங்கேயோ கண்ட கட்டளையை அப்படியே அடிப்பது. தோட்டக் கிணற்று மோட்டரை நினைத்துக் கொள்ளுங்கள். மெயின் சுவிட்ச் ஒன்று, ஸ்டார்ட்டர் ஒன்று, காலையில் வந்து ஸ்டார்ட்டரை அமத்தும் ஆள் ஒருவர். லினக்ஸிலும் அப்படித்தான். ஆர்எஃப்கில் என்பது மெயின் சுவிட்ச், ரேடியோவையே தடுத்து வைக்கும். புளூசெட் என்ற மென்பொருளின் புளூடூத் சேர்விஸ், அதாவது பின்னணியில் ஓடும் நிரல்தான் ஸ்டார்ட்டர். காலையில் வரும் ஆள், உங்கள் டெஸ்க்டொப்பில் இருக்கும் புளூமான் போன்ற கருவி. இந்த மூன்றில் ஒன்றை நிறுத்திவிட்டு மற்றது வேலை செய்கிறதே என்று தலையில் கை வைப்பதில் பயனில்லை.

அதிகம் பேர் சறுக்கும் இடம் புளூசெட்டின் அமைப்புக் கோப்பு. ஈடிசி கோப்புறைக்குள் புளூடூத், அதற்குள் மெயின் டொட் கொன்ஃப். (கட்டளைகளையும் கோப்புப் பெயர்களையும் இங்கே தமிழில் எழுதுகிறேன், கணினியில் ஆங்கில எழுத்தில்தான் அடிக்க வேண்டும்.) அதன் கடைசிப் பக்கத்தில் பொலிசி என்ற பகுதியில் ஓட்டோஎனேபிள் என்று ஒரு வரி இருக்கும், ட்ரூ என்றால் தானாக ஒன் ஆகும், ஃபோல்ஸ் என்றால் ஆகாது, அதை ஃபோல்ஸ் ஆக்க வேண்டும். பிள்ளைகள் ட்ரூவை ஃபோல்ஸ் என்று மாற்றிவிட்டு வரியின் முன்னால் இருக்கும் ஹாஷ் குறியை அப்படியே விட்டுவிடுவார்கள். ஹாஷ் இருந்தால் அந்த வரியைக் கணினி வாசிக்கவே வாசிக்காது. முன்பு இதனால் பெரிய கெடுதல் இல்லை, ஏனென்றால் வரி இல்லாவிட்டால் ஃபோல்ஸ் என்றுதான் எடுத்துக்கொள்ளும். 2022 இல் வந்த புளூசெட் 5.65 இலிருந்து அது தலைகீழாக மாறி, வரி இல்லாவிட்டால் ட்ரூ என்று ஆகிவிட்டது. அதனால்தான் பழைய குறிப்புகளைப் பார்த்து "அந்த வரியை அழித்துவிட்டால் போதும்" என்று செய்பவர்களுக்கு இப்போது எதுவும் நடப்பதில்லை. இன்னும் சிலர் கோப்பின் மேலே ஜெனரல் பகுதியில் அந்த வரியைப் புதிதாக எழுதி விடுகிறார்கள், அங்கே எழுதினால் அதற்கு மதிப்பில்லை, பொலிசிக்குக் கீழேதான் வர வேண்டும். ஓட்டோஎனேபிளை ஆங்கிலத்தில் அடிக்கும்போது ஏ, ஈ இரண்டும் பெரிய எழுத்து.

லினக்ஸ் மின்ட் என்ற லினக்ஸ் வகையைப் பாவிப்பவர்கள் இதை எல்லாம் சரியாகச் செய்த பிறகும் புளூடூத் ஒன் ஆகியே நிற்கும். அங்கே புளூமான் இருக்கிறது, காலையில் வரும் அந்த ஆள். அதன் பிளகின் பட்டியலில் பவர்மேனேஜரைத் திறந்து, தானாக ஒன் பண்ணும் தெரிவை எடுத்துவிடுங்கள். இதைத் தெரியாமல் ஒரு பிள்ளை மூன்று நாள் மெயின் டொட் கொன்ஃபோடு மல்லுக்கட்டினான், பாவம்.

சேர்விஸ்களைத் தொடக்கவும் நிறுத்தவும் பாவிக்கும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையில் ஸ்டொப், டிசேபிள், மாஸ்க் மூன்றையும் ஒன்றாக நினைப்பதும் வழக்கம். ஸ்டொப் இந்த முறைக்கு மட்டும், மறுபடி திறந்தால் சேர்விஸ் எழும்பிவிடும். டிசேபிள் செய்தால் கணினி திறக்கும்போது எழும்பாது. மாஸ்க் என்றால் யார் கூப்பிட்டாலும் எழும்பாது. புளூடூத்தே வேண்டாம் என்பவர்களுக்கு டிசேபிள் நல்லது, மாஸ்க் அளவுக்குப் போகத் தேவையில்லை. ஆனால் செய்ததை எங்கேயாவது எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்து ஒரு ஹெட்செட் வாங்கி வந்து செட்டிங்ஸில் பொத்தானை அமத்த அது அசையாமல் நிற்க, புளூடூத் பழுதாகிவிட்டது என்று திருத்துகிற கடைக்குத் தூக்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும்.

ஆர்எஃப்கில் மூலம் புளூடூத்தைத் தடுத்தால் சேர்விஸ்களைக் கவனிக்கும் சிஸ்டம்டி அந்த நிலையை நினைவில் வைத்து அடுத்த முறையும் அப்படியே கொண்டு வரும், பலருக்கு இதுவே போதும். பற்றரி மிச்சம் பிடிக்க டிஎல்பி என்ற மென்பொருள் போட்டவர்கள் மட்டும் கவனிக்க வேண்டும், ஏனென்றால் ரேடியோக்களை டிஎல்பியின் பொறுப்பில் விடும்போது அந்த நினைவு வைக்கும் சேர்விஸை மாஸ்க் செய்யச் சொல்வார்கள். அப்படிச் செய்திருந்தால் டிஎல்பியின் அமைப்புக் கோப்பில், தொடங்கும்போது நிறுத்த வேண்டிய கருவிகள் என்ற வரியில் புளூடூத்தையும் சேர்த்துவிடுங்கள். கணினி தொடங்கும்போது கட்டளைகளைத் தானாக ஓட்டும் ஆர்சி லோக்கலிலோ க்ரொனிலோ தடுக்கும் கட்டளையை எழுதி வைப்பதை நான் விரும்புவதில்லை. அது முந்தி ஓடி, புளூமான் போன்ற கருவி பிந்தி வந்தால், மூடிய கதவை மற்றவர் திறந்துவிட்டுப் போவார்.

புளூசெட்டையே அழிப்பது பெரிய தவறு. அதோடு சேர்ந்து போகும் பொதிகளின் பட்டியலை வாசிக்காமல், சரி என்று சொல்லும் ஆங்கில வை (Y) எழுத்தை அமத்தினால் டெஸ்க்டொப்பின் பாகங்களும் சேர்ந்து போகலாம்.

இப்போது நான் செய்த தவறு. மாங்குளத்தில் தட்டச்சு வேலை செய்யும் ஒரு அக்கா கேட்டதற்காக அவரின் லப்டொப்பில் ஓட்டோஎனேபிளை ஃபோல்ஸ் ஆக்கிவிட்டு பஸ் ஏறி வந்துவிட்டேன். அடுத்த நாள் காலையில் போன். "தம்பி, பாஸ்வேர்ட் அடிக்கேலாமக் கிடக்கு." லப்டொப்பின் சொந்தக் கீபோர்டில் நாலைந்து எழுத்துகள் செத்துப்போய், அவர் ஒரு புளூடூத் கீபோர்டை வைத்துத்தான் சமாளித்துக்கொண்டிருந்திருக்கிறார். நான் கேட்கவில்லை, அவருக்கும் சொல்லத் தோன்றவில்லை. பக்கத்துக் கடையில் வயர் கீபோர்ட் ஒன்றை இரவல் வாங்கிச் செருகித்தான் உள்ளே போக முடிந்தது, அன்றைக்கு அவரின் வேலை பாதி நாள் கெட்டது. அதற்குப் பிறகு யாருடைய கணினியைத் தொட்டாலும் முதலில் மௌஸையும் கீபோர்டையும் பார்த்து, வயரா புளூடூத்தா என்று கேட்டுவிட்டுத்தான் தொடங்குகிறேன்.

சோதிக்கும்போது சேர்விஸை ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு முடிந்தது என்று நினைக்காதீர்கள். முழுதாக நிறுத்தித் திறந்து பாருங்கள், மூடி வைத்து உறங்கவிட்டு எழுப்பியும் பாருங்கள், சில லப்டொப்களில் உறக்கத்திலிருந்து எழும்போதுதான் திரும்ப ஒன் ஆகும். புளூடூத்தின் நிலையைக் காட்டும் புளூடூத்சிடிஎல் ஷோ என்ற கட்டளையை அடித்தால் பவர்ட் என்ற வரியில் நோ என்று வர வேண்டும். பழைய திங்க்பேட்களில் ஆர்எஃப்கில் லிஸ்ட் அடித்தால் புளூடூத்துக்கு இரண்டு வரி வரும், பயப்பட வேண்டாம், டிபிஏசிபிஐ என்று தொடங்குவது லப்டொப்பின் சொந்த சுவிட்ச், அதைத் தடுத்தால் மற்ற வரி பட்டியலிலிருந்தே காணாமல் போகும். தேவைப்படும் நாளில் முதலில் ஆர்எஃப்கில் தடையை எடுங்கள், அப்புறம் புளூடூத்சிடிஎல் பவர் ஒன். வரிசையை மாற்றி அடித்தால் தடை இருக்கிறது என்று பிழைதான் வரும்.