குடும்ப ஜெபத்தில் நான் செய்த தவறுகள், நீங்களாவது செய்யாதீர்கள்

போன வாரம் பாளையங்கோட்டையில் ஒரு வீட்டில் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்திருந்தேன். "நீதிமொழிகள் 31 எடு, குணசாலியான ஸ்திரீ எப்படி இருக்கணும்னு சத்தமா படி" என்றாள் அம்மா, மகளிடம். (நீதிமொழிகள் பைபிளில் ஒரு புத்தகம்.) பையன் கையில் போன். எனக்குத் திக்கென்றது, 15 வருடத்துக்கு முந்தைய என் வீடு அப்படியே! நேரம் தவறுவது, பாதியில் தூங்கி வழிவது எல்லாம் யாருக்கும் தெரியும், அதை விடுங்கள்.

31-ஆம் அதிகாரத்தை மகள் தலையில் கட்டுவது

இதை நினைத்தால் இன்றும் எரிச்சல்தான். மகள் அப்போது எட்டாம் வகுப்பு. "இருட்டோடே எழுந்திருந்து தன் வீட்டாருக்கு ஆகாரங்கொடுத்து" என்று சொல்லிக்கொண்டே தினமும் போர்வையை இழுப்பேன். ஒருநாள் எழுந்து வந்து, பைபிளைத் திறந்து, அதே வசனத்தின் மீதியில் விரலை வைத்தாள்: "தன் வேலைக்காரிகளுக்குப் படியளக்கிறாள்." அப்புறம், "அந்த அம்மாவுக்கு ஆள் இருந்திருக்கும்மா, நம்ம வீட்டுல நான்தான் ஆளு" என்றாள். அதற்கும் திட்டினேன். பிறகு நாலு வருடம் ஜெபத்தில் அவள் வாயே திறக்கவில்லை.

எப்போதும் 10-ஆம் வசனத்தில்தான் ஆரம்பிப்போம். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் வசனத்தை நான் படித்ததே அதற்கப்புறம்தான். லேமுவேல் ராஜாவுக்கு அவன் தாய் போதித்த உபதேசமாம். மகனுக்குச் சொன்ன பாடம்! குடிக்காதே, திக்கற்றவர்களுக்காக வாயைத் திற என்றெல்லாம் அவனுக்குச் சொன்ன பிறகுதான் குணசாலியே வருகிறாள். அந்த 22 வசனங்களும் எபிரெய எழுத்து வரிசையில் அமைந்த பாட்டு, அவளைப் புகழ்கிற பாட்டு. நாம் அதை வீட்டுவேலைப் பட்டியலாக்கி வைத்திருக்கிறோம். 'குணசாலி' என்ற இடத்தில் மூலத்தில் இருக்கும் சொல் போர்வீரர்களுக்கும் வருகிற சொல். 16-ல் அவள் வயலை விசாரித்து வாங்குகிறாள். நம்மில் யார் மகளைப் பத்திர ஆபீசுக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினோம்?

வசனத்தைத் தண்டனையாக்குவது

சண்டை போட்டால் 119-ஆம் சங்கீதம் எழுது என்பது. 176 வசனம். வேண்டாம்.

அப்பா டிவி பக்கம் ஒதுங்குவது

பிள்ளைகளைப் போதித்து வளர்க்கச் சொல்லும் பைபிள் வசனம், எபேசியர் 6:4, "பிதாக்களே" என்றுதான் தொடங்குகிறது.

கேள்வி கேட்கும் பெண்பிள்ளையை அடக்குவது

வேதத்தில் வல்லவனான போதகன் அப்பொல்லோவையே பிரிஸ்கில்லாள் என்ற பெண்ணும் அவள் கணவன் ஆக்கில்லாவும் கூட்டிப்போய் விளக்கிச் சொன்னார்கள். தன் சீடன் தீமோத்தேயுவின் விசுவாசத்தைப் பற்றிப் பேசும்போது அப்போஸ்தலன் பவுல் பெயர் சொல்வது பாட்டி லோவிசாளையும் தாய் ஐனிக்கேயாளையும்தான்.

அன்றைக்கு அந்தப் பையனிடமிருந்து போனை வாங்கி வைத்துவிட்டு, முதல் வசனத்திலிருந்து அவனையே வாசிக்கச் சொன்னேன். நாலாவது வசனத்தில் மதுபானம் வந்ததும் நிறுத்திவிட்டு அப்பாவைப் பார்த்தான்.