கிரேக்கப் போர்முறை: எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

பண்டைய கிரேக்கப் போர்முறை பற்றி யார் எழுத உட்கார்ந்தாலும் முதல் பத்தியிலேயே 300 ஸ்பார்ட்டா வீரர்கள் வந்து நின்றுவிடுகிறார்கள். கி.மு. 480-இல் பாரசீகப் படையை எதிர்த்துத் தெர்மோபிலே கணவாயில் அவர்கள் நின்றது உண்மைதான். ஆனால் மற்ற ஊர்ப் படைகளையும் சேர்த்தால் அங்கே இருந்தவர்கள் சுமார் 7,000 பேர். கடைசி நாளில் ஸ்பார்ட்டா அரசன் லியோனிடாஸுடன் தங்கிவிட்டவர்களில் தெஸ்பியே என்ற சின்ன நகரத்தின் 700 பேரும் உண்டு. அந்த ஊரின் பெயர் நம்மில் எத்தனை பேர் காதில் விழுந்திருக்கிறது? கணவாய் மூன்றே நாளில் விழுந்தது, பாரசீகர்கள் ஏதென்ஸை எரித்தார்கள். போரின் போக்கை மாற்றியது அதே ஆண்டு சலாமிஸில் நடந்த கடற்போர். முடித்துவைத்தது அடுத்த ஆண்டு பிளாட்டியாவில் நடந்த தரைப்போர். பின்னாளைய தளபதிகளுக்குத் தெர்மோபிலே ஊக்கம் கொடுத்த கதை. அதில் வியூகம் தேடினால் பெரிதாக எதுவும் கிடைக்காது.

சலாமிஸ் என்றதும் இன்னொன்று. துடுப்பு வலித்தவர்களைச் சங்கிலியில் கட்டிய அடிமைகளாகக் கற்பனை செய்வது வழக்கம். ட்ரைரீம் என்ற போர்க்கப்பல் ஒன்றில் 170 பேர் துடுப்பு வலித்தார்கள். ஏதென்ஸ் கப்பல்களில் அவர்களில் பெரும்பாலோர் வாக்குரிமை உள்ள ஏழைக் குடிமக்கள். ஏதென்ஸின் கடற்படையையும் அதன் ஜனநாயகத்தையும் தனித்தனியாகப் பேச முடியாததற்கு இதுதான் காரணம்.

அடுத்த சறுக்கல், ஈட்டியோடு வரிசை வரிசையாக நெருங்கி நிற்கும் ஃபாலங்ஸ் அணியை நானூறு வருடம் மாறாத ஒரே பொருளாகப் பார்ப்பது. நகர அரசுகளின் ஹாப்லைட் என்ற காலாட்படை வீரன் கிட்டத்தட்ட 90 சென்டிமீட்டர் அகலமுள்ள வட்டக் கேடயத்தையும் இரண்டு, இரண்டரை மீட்டர் ஈட்டியையும் ஏந்தினான். மாசிடோனியாவின் சரிஸா என்ற ஈட்டி ஐந்து மீட்டருக்கும் மேல்; இரண்டு கையாலும் பிடிக்க வேண்டும், கேடயமோ சின்னது. இவை இரண்டும் வேறு வேறு படைகள். அப்புறம், ஃபாலங்ஸ் வெல்ல முடியாத அணியும் இல்லை. கி.மு. 425-இல் ஸ்பாக்டீரியா தீவிலும், கி.மு. 390-இல் லெக்கயம் அருகிலும், எறிவேலும் அம்பும் வைத்திருந்த இலகுப் படைகள் தூரத்தில் நின்றே ஸ்பார்ட்டாக்காரர்களை ஒடித்துப்போட்டன.

15-ஆம் நூற்றாண்டின் சுவிஸ் ஈட்டிப் படையைப் பார்த்து ‘இது கிரேக்க ஃபாலங்ஸின் வாரிசு’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. குதிரை வீரனை நடந்துபோகிறவன் தடுக்க வேண்டுமென்றால் நீண்ட ஈட்டியோடு நெருங்கி நிற்பதுதான் வழி. அதற்கு யாரும் கிரேக்க நூல் படித்திருக்கத் தேவையில்லை. சாயல் இருக்கிறது என்பதற்காக வம்சாவளி எழுதிவிடக் கூடாது.

இந்தத் தவறு பெரிய அளவில் நடப்பது லூக்ட்ரா போர் விஷயத்தில். கி.மு. 371-இல் தீப்ஸ் தளபதி எபமினோண்டஸ் தன் இடப்பக்கத்தில் 50 வரிசை ஆழத்துக்கு ஆட்களை நிறுத்தினார். எதிரே ஸ்பார்ட்டா அணி 12 வரிசைதான். ஸ்பார்ட்டா அரசன் கிளியோம்புரோட்டஸ் இறந்தான். களத்தில் இருந்த 700 ஸ்பார்ட்டா குடிமக்களில் 400 பேர் விழுந்தார்கள். ஆழமான அணியைக் கண்டுபிடித்தவர் எபமினோண்டஸ் என்று அடிக்கடி எழுதப்படுகிறது. இல்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே, கி.மு. 424-இல் டீலியத்தில் தீப்ஸ்காரர்கள் 25 வரிசை நின்றிருக்கிறார்கள். எபமினோண்டஸ் செய்த புதுமை, அந்தக் கனத்தை எதிரியின் அரசன் நிற்கும் இடத்துக்கு நேராகக் கொண்டுபோய் வைத்ததும், தன் பலவீனமான வலப்பக்கத்தைப் பின்னால் இழுத்து வைத்துக்கொண்டதும்தான்.

இங்கிருந்து ஒரே தாவலில் 1757-க்குப் போய்விடுவார்கள். லாய்த்தன் போரில் பிரஷ்ய அரசர் இரண்டாம் ஃபிரெடரிக், தன் படையைப் போல ஏறக்குறைய இரு மடங்கு இருந்த ஆஸ்திரியப் படையின் முன்னால் போக்குக் காட்டிவிட்டு, தாழ்ந்த குன்றுகளின் மறைவில் நடந்து அதன் இடப்பக்கத்தில் போய் விழுந்தார். லூக்ட்ராவைப் பார்த்துச் செய்தாரா? யோசனையில் உறவு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அன்றைய ஐரோப்பியத் தளபதிகள் கையில் இருந்த நூல் வெஜிஷியஸ் என்ற பிற்கால ரோமானியருடையது. ஒரு பக்கத்தை முன்னே தள்ளி மறுபக்கத்தைப் பின்னே வைக்கும் சாய்வணியில் அவர் சிறந்ததாகச் சொன்ன வடிவம் வலப்பக்கத்தால் தாக்குவது. ஃபிரெடரிக் தாக்கியதும் வலப்பக்கத்தால். எபமினோண்டஸோ இடப்பக்கக்காரர். அவருக்குக் கைகொடுத்தது ஆழம். ஃபிரெடரிக்கின் அணியோ மெல்லியது. அவருக்குக் கைகொடுத்தது காலடி பிசகாத நடையும் துப்பாக்கிச் சூட்டின் வேகமும்.

சரி, அந்தக் காலடி எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தோடு கெட்டியான தொடர்பு இங்கேதான் இருக்கிறது. ஆனால் இதில் வீரக் கதை இல்லாததால் யாரும் சீந்துவதில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏலியன் என்பவர் மாசிடோனிய ஃபாலங்ஸின் பயிற்சி முறைகளைக் கிரேக்க மொழியில் எழுதிவைத்தார். கி.மு. 168-இல் பிட்னாவில் ரோமானியர்கள் அந்த அணியை உடைத்து இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு வகையில், செத்துப்போன படைக்கான கையேடு. 1594 டிசம்பரில் நாசாவ் (Nassau) பிரபுக் குடும்பத்தின் வில்லியம் லூயிஸ், ஏலியனைப் படித்த சூட்டோடு தன் உறவினரும் டச்சுப் படைத் தலைவருமான மோரிஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். அன்றைய துப்பாக்கியில் மருந்து கெட்டித்துச் சுடுவதற்குள் எதிரி வந்துவிடுவான். அதனால் முதல் வரிசை சுட்டுவிட்டுப் பின்னால் போகட்டும், அடுத்த வரிசை சுடட்டும் என்பது யோசனை. வரிசைகள் இப்படி இடம் மாறும் வித்தை ஏலியனிடம் இருந்தது. திரும்பு, வரிசையை இரட்டிப்பாக்கு போன்ற கட்டளைகளும் அவரிடமிருந்து டச்சுப் படைக்கு வந்தன, அங்கிருந்து ஐரோப்பா முழுக்கப் பரவின. பள்ளி மைதானத்தில் என்.சி.சி. சீருடையில் ‘தாஹினே முட்’ கேட்டு வெயிலில் திரும்பியவர்களுக்கும் இதில் ஒரு தூரத்துச் சொந்தம் உண்டு.

வழியில் நிற்கும் பைசாந்தியத்தையும் (கிழக்கு ரோமானியப் பேரரசு) விட்டுவிடக் கூடாது. ஏதென்ஸ் ஆண்டுதோறும் பத்து ஸ்ட்ரட்டகோஸ்களை, அதாவது தளபதிகளை, தேர்ந்தெடுத்தது. பெரிக்ளிஸ் அவர்களில் ஒருவர். ஆனால் அந்தப் பெயரிலிருந்து வந்த ‘ஸ்ட்ராடஜி’ என்ற சொல் மேற்கு ஐரோப்பாவில் பரவியது 18-ஆம் நூற்றாண்டில்தான். பைசாந்தியப் பேரரசர் ஆறாம் லியோவின் போர்நூலை 1771-இல் பிரெஞ்சில் கொண்டுவந்த மெய்ஸ்ராய்க்கு அதில் பெரும் பங்கு. ‘கிரேக்கத் தீ’ என்ற எரி ஆயுதமும் பைசாந்தியச் சரக்கு, கி.பி. 7-ஆம் நூற்றாண்டுடையது. அதைச் சலாமிஸில் கொளுத்துகிறவர்கள் ஆயிரம் ஆண்டு தவறுகிறார்கள்.

கடைசியாக, ஏதென்ஸ்–ஸ்பார்ட்டா போரின் வரலாற்றை எழுதிய ஏதென்ஸ்காரர் தூசிடிடிஸைச் சூத்திரப் புத்தகமாக வாசிப்பது. வியட்நாம் போர் இழுத்துக்கொண்டிருந்த 1972-இல் அமெரிக்கக் கடற்படைப் போர்க் கல்லூரி அவரைப் பாடமாக வைத்தது. கடல் கடந்து, தேவையில்லாத இடத்தில், கி.மு. 415 முதல் 413 வரை சிசிலியில் ஏதென்ஸ் என்ற வல்லரசு தன் படையைத் தொலைத்த கதை அந்த அதிகாரிகளுக்கு ஏன் உறைத்தது என்று விளக்க வேண்டியதில்லை. சிக்கல், ஏதென்ஸ் யார், ஸ்பார்ட்டா யார் என்று இன்றைய நாடுகளுக்குப் பெயர் ஒட்டும்போது தொடங்குகிறது. பனிப்போரில் அமெரிக்கா ஏதென்ஸ். இப்போது சீனா ஏதென்ஸ், அமெரிக்கா ஸ்பார்ட்டா. வசதிக்கேற்ப மாறிக்கொள்கிறார்கள். இத்தனைக்கும் தூசிடிடிஸே ஒரு ஸ்ட்ரட்டகோஸ். கி.மு. 424-இல் அம்பிபோலிஸைக் காக்க ஏழு கப்பல்களோடு விரைந்தார், போய்ச் சேர்வதற்குள் நகரம் கைமாறிவிட்டது. இருபது ஆண்டு நாடுகடத்தல். அதனால்தான் எதிர்த்தரப்பையும் பக்கத்திலிருந்து பார்க்க முடிந்தது என்று அவரே எழுதியிருக்கிறார்.