நாயகிக்கும் ஒருவர் கஞ்சி கொண்டுவர வேண்டும்: விளையாட்டில் ஆறுதல் காட்சி எழுதும் முறை

பாத்திரமேற்பு விளையாட்டுகளை விரும்பி ஆடுகிறவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதாக இருக்கும். இரவு, முகாம், நடுவில் நெருப்பு. கூட வரும் தோழர்கள் ஆளுக்கொரு மூலையில் நிற்பார்கள். ஒருவனுக்குத் தந்தையோடு தீராத பகை, ஒருத்திக்குத் தொலைந்துபோன தங்கை, இன்னொருவருக்குப் பழைய போரின் கனவுகள். நம் நாயகன் ஒவ்வொருவரிடமும் போய் நின்று பொறுமையாகக் கேட்பான், தேற்றுவான், அவர்களுக்காக மலை ஏறி இறங்குவான். அவனுடைய சொந்த ஊரே முதல் காட்சியில் எரிந்து போயிருக்கும். முப்பது மணி நேரம் ஆடி முடித்த பிறகும் அதைப் பற்றி அவனிடம் ஒருவர்கூட ஒரு வார்த்தை விசாரித்திருக்க மாட்டார்கள்.

எனக்கு இது நெடுநாள் மனக்குறை. நாயகனுடைய துயரத்தை யாரும் பார்க்காத ஆட்டத்தில், அவனை ஆட்டுவிக்கும் நாமும் தனியாகத்தான் இருக்கிறோம்.

விதிவிலக்குகள் உண்டு, அவை மனத்தைவிட்டுப் போவதில்லை. 2011இல் வந்த டிராகன் ஏஜ் 2 ஆட்டத்தில் நாயகன் ஹாக்கின் தாய் கொல்லப்படுகிறாள். அன்றிரவு வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஹாக்கைத் தேடி அவன் காதல் துணை வரும். அந்தத் துணை ஃபென்ரிஸாக இருந்தால், என்ன சொல்வதென்று தனக்குத் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டு, கூடவே இருப்பான். 2012இன் மாஸ் எஃபெக்ட் 3இல் பேரழிவுப் போருக்கு நடுவே கேரஸ் என்ற தோழன், நாம் ஆட்டுவிக்கும் தளபதி ஷெப்பர்டை உயரமான இடத்துக்கு அழைத்துப்போய், காலி பாட்டில்களைச் சுடும் போட்டி வைப்பான். கடைசிக் குண்டை வேண்டுமென்றே தவறவிட்டு நண்பனை ஜெயிக்கவைக்கவும் நமக்கு வழி இருக்கிறது. 2019இன் ஃபயர் எம்பளம்: த்ரீ ஹவுசஸ் ஆட்டத்தில் தந்தையை இழந்த ஆசிரியர் மடாலயத்தில் நடந்துபோகும்போது, மாணவர்கள் ஆளுக்கொரு விதமாகத் தங்களுக்குத் தெரிந்ததைச் சொல்வார்கள், சிலருக்குச் சரியாகச் சொல்லவும் வராது. அந்தத் தடுமாற்றம்தான் நம்பவைக்கிறது.

இப்படி ஒரு காட்சியை நீங்களே ஒரு மாலைப்பொழுதில் எழுதி, ஆடக்கூடிய வடிவில் கொண்டுவந்துவிடலாம். நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

முதல் படி: கருவி

ட்வைன் என்ற இலவசக் கருவி போதும். கிறிஸ் கிளைமாஸ் என்பவர் 2009இல் வெளியிட்டது. இணைய உலாவியிலேயே இயங்கும், கணினியில் நிறுவியும் வைத்துக்கொள்ளலாம். தமிழில் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு நிம்மதி இருக்கிறது: எழுத்தைக் காட்டும் வேலையை உலாவி செய்வதால் கொம்பும் காலும் உடையாமல் தமிழ் ஒழுங்காகத் தெரியும்.

கதையைச் சிறு பக்கங்களாகப் பிரித்து எழுத வேண்டும். ஒரு சொல்லை [[கரைக்குப் போ]] என்று இரட்டைச் சதுர அடைப்புக்குள் எழுதினால், அந்தப் பெயரில் ஒரு புதுப்பக்கம் தானாகத் தோன்றி இதோடு இணைந்துவிடும். காட்டும் சொல் ஒன்றாகவும் பக்கத்தின் பெயர் வேறாகவும் இருக்க வேண்டுமென்றால் [[கஞ்சியை வாங்கிக்கொள்->கஞ்சி]] என்று அம்புக்குறி போடலாம். இன்றைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். உலாவியில் எழுதினால் கதை அந்த உலாவியின் சேமிப்பில்தான் இருக்கும். உலாவியின் தரவை அழித்தால் கதையும் போய்விடும். ஆகவே வேலை முடியும்போதெல்லாம் கோப்பாக ஒரு பிரதி இறக்கிவைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: இழப்பை ஆட்டக்காரர் கையில் கொடுங்கள்

ஆறுதல் காட்சியின் பலம் அதற்கு முந்தைய காட்சியில் இருக்கிறது. நாயகிக்கு என்றோ நடந்த துயரத்தை இரண்டு வரியில் சொல்லிவிட்டு, உடனே தோழி வந்து கட்டிக்கொண்டால் ஆடுகிறவருக்கு ஒன்றும் தோன்றாது. அவர் தொட்டு, அவர் தேர்ந்தெடுத்து, அதனால் ஏதோ ஒன்று போயிருக்க வேண்டும்.

நான் எழுதிப் பழகிய ஒரு சிறு கதையையே எடுத்துக்கொள்கிறேன். நாயகி ஓர் ஏரியின் நீர்க்கட்டி. மடை திறப்பதும் அடைப்பதும் அவள் பொறுப்பு. மூன்று நாள் அடைமழை. நடு இரவில் கரை ஓரிடத்தில் கசியத் தொடங்குகிறது. மிகுதி நீரை வெளியேற்றும் கலிங்கின் அடைப்பை எடுத்துவிட்டால் ஏரி தணியும், ஊர் தப்பும். ஆனால் கலிங்குத் தண்ணீர் பாயும் கீழ்வயலில் கிடைக்காரத் தாத்தா ஆடுகளோடு படுத்திருக்கிறார். ஆள் அனுப்ப நேரமில்லை. திறப்பதா, கரையை நம்புவதா?

அந்தத் தாத்தாவை அதற்கு முன்பே ஒரு பக்கத்தில் நடமாடவிடுங்கள். என் கதையில் அவர் நாயகிக்கு ஒரு குவளை ஆட்டுப்பால் கொடுத்து, "ஏரிக்காரம்மா குடிக்கட்டும்" என்கிறார். அதற்கு மேல் எதுவும் வேண்டாம்.

மூன்றாம் படி: யார் வருவது?

எல்லாத் தோழர்களையும் வரிசையாக வரவைக்காதீர்கள். ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். நன்றாகப் பேசத் தெரிந்தவரைவிட, நடந்ததை அருகிலிருந்து பார்த்தவர் நல்லவர். என் கதையில் செல்லி அத்தை: கரை காக்கும் ஆட்களுக்குச் சமைப்பவள், ஐம்பத்தைந்து வயது, அந்த இரவில் விளக்கைப் பிடித்துக்கொண்டு கலிங்கருகே நின்றவள். இரண்டாவதாக மாசாணம் என்ற பதினெட்டு வயதுப் பையன். அவனுக்கு ஒரே ஒரு பக்கம் மட்டும்.

நான்காம் படி: எப்போது வருவது?

உடனே வேண்டாம். தண்ணீர் பாயும்போதே தேற்றினால் அது காட்சியின் மூச்சை அடைத்துவிடும். மிகவும் தள்ளியும் போடாதீர்கள். ஆடுகிறவர் அதற்குள் அடுத்த வேலைக்குப் போயிருப்பார். முதல் ஓய்வில் வைப்பதே சரி. 2023இல் வந்த பால்டர்ஸ் கேட் 3இல் தோழர்களின் அந்தரங்கக் காட்சிகள் பலவும் முகாமில் இரவு தங்கும்போதுதான் வரும். தங்காமல் ஓடிக்கொண்டே இருக்கிறவர்கள் அவற்றில் சிலவற்றைத் தவறவிட்டுவிடுவார்கள். உங்கள் கதை சிறியது என்பதால், ஓய்வைக் கட்டாயமாக்கிவிடுங்கள். மழை விட்டது, விடியவில்லை, கரையில் உட்காருகிறாள். இந்த மூன்றும் ஒரு பக்கம்.

ஐந்தாம் படி: முதலில் கை, பிறகு வாய்

இங்கேதான் நிதானமாக உட்கார்ந்து எழுத வேண்டும். என் முதல் பிரதியில் செல்லி அத்தை இப்படிப் பேசினாள்:

"நீ உன்னால் முடிந்ததைச் செய்தாய். இது உன் தவறு இல்லை. வலிமையாக இரு."

படித்துப் பாருங்கள். எந்த ஊரிலும் எந்தத் துக்கத்துக்கும் பொருந்தும் வரிகள். அதைவிட மோசம், அவை பொய். அடைப்பை எடுத்தது நாயகியின் கை, அதை அழுத்தியது ஆடுகிறவரின் விரல். "உன் தவறு இல்லை" என்றால், நடந்ததை இவள் பார்க்கவே இல்லை என்று ஆகிவிடுகிறது.

துக்க வீட்டில் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று யோசித்தேன். அங்கே அடுப்பு எரியாது. பக்கத்து வீட்டிலிருந்து காபி வரும், உறவுக்காரர் வீட்டிலிருந்து சோறு வரும். வருகிறவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்காருவார். பேச்சு, வந்தால் வரும். இதை நினைத்துக்கொண்டு மறுபடி எழுதினேன்:

*செல்லி அத்தை வந்து பக்கத்தில் உட்காருகிறாள். சேலைத் தலைப்பைப் பிழிகிறாள். கையில் கஞ்சி, மேலே ஓர் உப்புக்கல் இன்னும் கரையாமல் இருக்கிறது.*

*"சூடாக இருக்கிறது. மெல்லக் குடி, கண்ணு."*

அடுத்த பக்கத்தில் ஒரே ஒரு வரி: *அவள் வேறு எதுவும் பேசவில்லை.* கீழே ஓர் இணைப்பு, [[தவளைகள் கத்துகின்றன]]. மௌனத்துக்குத் தனிப்பக்கம் கொடுப்பது ட்வைனில் எனக்கு மிகவும் பிடித்த உத்தி. ஆடுகிறவர் அந்த இணைப்பை அழுத்தும்வரை அத்தை பக்கத்தில் உட்கார்ந்தே இருக்கிறாள். நேரத்தை அளப்பவர் அவர்.

அதன் பிறகுதான் பேச்சு:

*"தாத்தா கீழ்வயலில் கிடை போட்டிருக்கிறார் என்று எனக்கும் தெரியும். சாயங்காலமே அவரை மேட்டுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கலாம். எனக்குத் தோன்றவில்லை."*

*கொஞ்ச நேரம் கழித்து: "உனக்கு மட்டும் அல்ல, கண்ணு."*

இந்த இடத்தைக் கவனியுங்கள். அவள் நாயகியின் குற்றத்தை இல்லையென்று சொல்லவில்லை. தன் பங்கை எடுத்து அதன் பக்கத்தில் வைக்கிறாள். உங்கள் தோழர் பேசும் வரிகளை எழுதிவிட்டு, ஒவ்வொன்றையும் இப்படிச் சோதியுங்கள்: இந்த ஆட்டத்தில் இந்த நிகழ்ச்சியைப் பார்த்த ஒருவர் மட்டும்தான் இதைச் சொல்ல முடியுமா? யாரும் சொல்லலாம் என்றால் அடித்துவிடுங்கள். தாத்தா, கீழ்வயல், சாயங்காலம் போன்ற பெயர்ச்சொற்கள் மிஞ்சட்டும். வலிமை, நம்பிக்கை, பயணம் போன்றவை போகட்டும்.

நாயகி கரையை நம்பிய வழியில் நடப்பது வேறு. கரை உடைகிறது, மேலத்தெரு நனைகிறது, தாத்தா பிழைக்கிறார். அங்கே செல்லி அத்தையின் பேச்சும் வேறாகத்தான் இருக்க வேண்டும். இரண்டு வழிகளையும் ஒரே ஆறுதல் பக்கத்தில் கொண்டுவந்து சேர்த்தால் வேலை மிச்சம் என்று தோன்றும். தயவுசெய்து சேர்க்காதீர்கள். ஆறுதல் முடிந்த பிறகு, விடியற்காலைப் பக்கத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆறாம் படி: மறுக்கும் உரிமை

கஞ்சியை நீட்டியதும் மூன்று தேர்வுகள் கொடுங்கள்:

[[கஞ்சியை வாங்கிக்கொள்]]
[[தண்ணீரையே பார்த்துக்கொண்டிரு]]
[["என்னைத் தனியாக விடுங்கள், அத்தை"]]

முதல் இரண்டும் மேலே சொன்ன மௌனப் பக்கத்துக்கே போகலாம். மூன்றாவதைத்தான் பெரும்பாலான ஆட்டங்கள் கெடுத்துவிடுகின்றன. தோழர் கோபித்துக்கொள்வார், அவரோடு உள்ள நெருக்கத்தை ஆட்டம் எண்ணும் உறவுப் புள்ளி குறையும், காட்சி பட்டென்று முடியும். துக்கத்தில் இருக்கிறவர் "போ" என்று சொன்னால் தண்டனையா? என் கதையில் இப்படி:

*அத்தை எழுந்துகொள்கிறாள். கிண்ணத்தின் மேல் ஒரு பூவரச இலையை வைத்து மூடி, மேலே ஒரு கூழாங்கல்லை வைக்கிறாள். பத்தடி தள்ளிப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு கரையில் உட்காருகிறாள்.*

எழுதி முடித்த பிறகு பார்த்தால், மூன்று வழிகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

ஏழாம் படி: பரிசு வேண்டாம்

ஆறுதல் பெற்றதற்கு உறவுப் புள்ளி, உயிர்ப் புள்ளி, புது வாள் எதுவும் தராதீர்கள். தந்தால் ஆடுகிறவர் அடுத்த முறை துக்கத்தை மறந்து கணக்குப் போடத் தொடங்கிவிடுவார். மாசாணம் விடியும்போது ஓர் ஆட்டுக்குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வருகிறான். கிடையில் தப்பியது அது ஒன்றுதான். நாயகியின் காலடியில் இறக்கிவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் போய்விடுகிறான். அந்தக் குட்டி உடைமைப் பட்டியலில் வராது, சண்டையில் உதவாது. பின்னாலேயே வரும், அவ்வளவுதான்.

எட்டாம் படி: மறுநாள்

ஒரு காட்சியோடு விட்டுவிட்டால் அந்த இரவு நடந்ததாகவே ஆட்டத்துக்குத் தெரியாது. மறுநாள் பக்கங்களில் இரண்டு சின்னச் சுவடுகள் வையுங்கள். ஊர்க்கூட்டத்தில் ஒருவர், "யாரைக் கேட்டுக் கலிங்கைத் திறந்தாய்?" என்று கேட்கும்போது, நாயகி வாய் திறக்கும் முன் செல்லி அத்தை, "விளக்குப் பிடித்தது நான். என்னையும் சேர்த்துக் கேளுங்கள்" என்கிறாள். "தனியாக விடுங்கள்" வழியில் வந்தவர்களுக்கு, கூட்டத்துக்குக் கிளம்பும்போது அந்த இலை மூடிய கிண்ணம் அதே இடத்தில் இருக்கும். இப்போது அதை எடுத்துக் குடிக்கலாம், குடிக்காமலும் போகலாம். ஆறிய கஞ்சி என்று ஒரு சொல் மட்டும் எழுதினேன்.

ஒன்பதாம் படி: யாராவது ஆடிப் பார்க்கட்டும்

ட்வைனில் கதையைக் கோப்பாக வெளியிட்டால் ஒரே ஒரு இணையப் பக்கமாக வரும். அதை எந்த உலாவியிலும் திறந்து ஆடலாம். நண்பர் ஒருவரை உட்காரவைத்து ஆடச்சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் இருங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். அவர் விரலை மட்டும் பாருங்கள். கலிங்கைத் திறக்கும் பக்கத்தில் விரல் தயங்கவில்லை என்றால் தாத்தாவை இன்னும் ஒரு பக்கம் நடமாடவிட வேண்டும். மௌனப் பக்கத்தைச் சட்டென்று தாண்டினால் அதற்கு முந்தைய பக்கத்தில் பேச்சு அதிகம்.

என் கதையை ஆடிய என் அக்கா மூன்றாவது தேர்வை அழுத்தினாள். பூவரச இலைப் பக்கம் வந்தது. நெடுநேரம் அதிலேயே இருந்தாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்து, "இந்த அத்தை இன்னும் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறாளா?" என்று கேட்டாள்.