ல, ள, ழ குழப்பமா? சொல்லை நீட்டிப் பாருங்கள்

கறை என்று எழுத வேண்டிய இடத்தில் கரை என்று எழுதினாலும் கணினியின் பிழைதிருத்தி பேசாமல் இருக்கும். இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள். ஆற்றோரம் கரை, துணியில் படிவது கறை. பொருள் பார்த்துப் பிரிப்பது நம் வேலை.

படி 1: வினையை இறந்தகாலத்தில் சொல்லுங்கள்

ல் பெரும்பாலும் ன் அல்லது ற் ஆகும்: கொல் – கொன்றான், கல் – கற்றான். ள் என்றால் ண் அல்லது ட்: கொள் – கொண்டான், கேள் – கேட்டான். ழ் அசையாது: வாழ் – வாழ்ந்தான்.

இனி, ஆளுமையா ஆழுமையா? 'ஆண்டான்' என்று வருவதால் ள. தோல்வியா தோள்வியா? 'தோற்றான்', ஆகவே ல. துள்ளு, அள்ளு போல உகரத்தில் முடியும் வினைகளில் மட்டும் இந்தச் சோதனை பலிக்காது; துள்ளினான் என்று அப்படியே நிற்கும்.

படி 2: ர, ற

வயிறு, கயிறு, கிணறு எல்லாம் வேற்றுமை உருபு சேரும்போது ற இரட்டிக்கும்: வயிற்றில், கிணற்றில். சுவர் அப்படியல்ல. அது ர்-இல் முடிகிறது. சுவரில் என்பதே சரி. 'சுவற்றில்' என்று எழுதினால் சுவரைச் 'சுவறு' ஆக்கிவிடுகிறோம். படித்தவர்களும் சறுக்கும் இடம் இது.

கூறிய, கூரிய இரண்டையும் இப்படியே பிரிக்கலாம்: சொன்னதற்குக் கூற்று, கத்திக்குக் கூர்மை.

எரி–எறி, இரை–இறை, பொரி–பொறி ஆகியவற்றுக்குக் குறுக்குவழி கிடையாது. எண்ணெயில் பொரித்தார்கள், கல்லில் பொறித்தார்கள் என்று வாக்கியமாகவே மனத்தில் வையுங்கள்.

படி 3: முடித்த பிறகு தேடுங்கள்

ற், ட் இரண்டும் வல்லின மெய்கள். இவற்றை அடுத்து க், ச், ப் புள்ளியோடு வராது. முயற்ச்சி, கற்ப்பனை, காட்ச்சி எல்லாம் பிழை. முயற்சி, கற்பனை, காட்சி என்பவையே சரி. வளர்ச்சி, மகிழ்ச்சி என்று எழுதிப் பழகிய கை இங்கேயும் ஒரு ச் போட்டுவிடுகிறது. ர், ழ் வல்லினம் அல்ல என்பதால் அங்கே அது பொருந்தும்.

கோப்பில் ற்க், ற்ச், ற்ப், ட்க், ட்ச், ட்ப் என ஆறு முறை தேடுங்கள். அகப்படுவதை ஒவ்வொன்றாகப் பார்த்துத் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றினால் மேட்ச், வாட்ச் போன்ற கடன்சொற்களும் சேர்ந்து கெட்டுவிடும்.