பல் கட்டுவதற்கு முன்னால் அச்சைக் கொஞ்சம் பாருங்கள்

வேலூரில் ஒரு பல் லேபில் வேலை பார்க்கிறேன். டாக்டர்கள் வாயில் எடுத்து அனுப்பும் அளவில் பிளாஸ்டர் மாவை ஊற்றி அச்சு எடுப்போம். அதன் மேல் கேப், பிரிட்ஜ், பல்செட் செய்து திருப்பி அனுப்புவோம். உங்கள் முகத்தை நான் பார்த்திருக்க மாட்டேன், வாயைப் பார்த்திருக்கலாம். பல் போனவர்கள் எங்கே சறுக்குகிறார்கள் என்பது அந்த வெள்ளை மாவில் அப்படியே பதிந்து வரும்.

போன மாதம் குடியாத்தம் பக்கத்திலிருந்து ஒரு அச்சு வந்தது. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று போய்ப் பல வருடம் இருக்கும். அதற்குப் பின்னால் இருந்த பல், காற்றில் சாய்ந்த வாழை மாதிரி காலி இடத்தின் மேல் சாய்ந்து கிடந்தது. மேல் பல்லோ, கடிக்க எதிர்ப்பல் இல்லாததால் மெல்ல இறங்கிக் கீழ் ஈறை எட்டிப் பார்க்கிறது. இரண்டு அச்சையும் சேர்த்து வைத்து நடுவில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தேன், நகம்தான் நுழைந்தது. அந்தச் சந்தில் எந்தப் பல்லை வைப்பது? "பின்னாடி பல்லு தானே, யாரு பாக்கப் போறாங்க" என்று விட்டதன் விலை அது. கண்ணுக்குத் தெரியாத இன்னொரு நஷ்டமும் உண்டு. பல் எடுத்த ஒரு வருடத்துக்குள் அந்த இடத்துத் தாடை எலும்பின் அகலம் ஏறக்குறைய பாதி கரைந்துவிடும். அதில் பெரும்பகுதி முதல் 3 மாதத்திலேயே போய்விடும். பிறகு இம்ப்ளான்ட், அதாவது தாடை எலும்பில் டைட்டானியத் திருகு வைத்து அதன் மேல் கட்டும் பல், வேண்டும் என்றால் எலும்புப் பொடி வைத்து இடத்தை மேடாக்க வேண்டி வரலாம். அதற்குத் தனிச் செலவு, தனிக் காத்திருப்பு.

போன எல்லாப் பல்லையும் கட்டியே ஆக வேண்டும் என்றும் இல்லை. ஞானப்பல்லை யாரும் கட்டுவதில்லை. கடைசிக் கடைவாய்ப் பல் மட்டும் போய், மற்றவை எதிரும் புதிருமாக நன்றாகக் கடித்தால், சும்மா விடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். விடலாம் என்றே பலருக்குப் பதில் வரும்.

அடுத்தது, எனக்குக் கோபம் வரும் விஷயம். சந்தைப் பக்கமும் பஸ் ஸ்டாண்ட் பக்கமும் ஒரே நாளில் 'ஃபிக்ஸட் பல்' கட்டித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பொடியையும் திரவத்தையும் குழைத்து, வாயிலேயே ரெடிமேட் பல்லோடு சேர்த்து ஒட்டி, பக்கத்துப் பற்களைச் சுற்றிக் கம்பி முறுக்கிவிடுவார்கள். அடியில் பிரஷ் போகாது. சோறும் கறியும் அங்கேயே அழுகும். அப்படி ஒன்றை வெட்டி எடுத்த பிறகு எடுத்த அளவு எங்களிடம் வந்தது. ஒரு பல்லுக்காகக் கட்டியது, இரண்டு பக்கமும் தாங்கி நின்ற பற்களின் ஈறு வேர் வரை இறங்கியிருந்தது. ஒன்று போன இடத்தில் இப்போது மூன்று போகும். சட்டப்படி, பதிவு செய்த பல் மருத்துவர்தான் இந்த வேலையைச் செய்யலாம். போர்டில் பதிவு எண் இருக்கிறதா என்று பார்ப்பது தப்பில்லை. காசுதான் பிரச்சினை என்றால் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு முதலில் போய்ப் பாருங்கள்.

சரி, டாக்டரிடமே போய்விட்டீர்கள். அங்கே பலர் செய்யும் தவறு, 'எது பெஸ்ட்' என்று கேட்பது. அந்தக் கேள்விக்கு அச்சில் பதில் கிடையாது. பிரிட்ஜையே எடுத்துக்கொள்வோம். போனது ஒரு பல், ஆனால் மூன்று பல்லுக்குக் காசு கேட்கிறார்களே என்று சண்டை போடுகிறவர்கள் உண்டு. இரண்டு பக்கத்துப் பல்லையும் ராவி, கேப் போட்டு, நடுவில் போலிப் பல்லைத் தொங்கவிடுவதுதான் பிரிட்ஜ். அதனால் கணக்கு மூன்று யூனிட். பக்கத்துப் பற்கள் ஏற்கனவே ரூட் கெனால் ஆனவை, பெரிதாக அடைத்தவை என்றால் அவற்றுக்கும் எப்படியும் கேப் வேண்டும். அப்போது பிரிட்ஜ் நல்ல கணக்கு. ஒரு சொத்தைகூட இல்லாத முத்து மாதிரி இரண்டு பற்களை ராவி அச்சு வந்தால், எனக்குக் கை வராது. ராவிய பல் திரும்ப வளராது. அந்த இடத்தில் இம்ப்ளான்டைப் பற்றி ஒருமுறையாவது பேசியிருக்க வேண்டும்.

இம்ப்ளான்டில் தலைகீழாக ஒரு தவறு நடக்கிறது. காசு இருக்கிறது, போட்டுவிடலாம் என்று நினைக்கிறார்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு எலும்பு சரியாகப் பிடிக்காது, புண் ஆறவும் தாமதமாகும். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால் பொதுவாகத் தள்ளித்தான் போடுவார்கள். பீடி, சிகரெட் பழக்கம் தோல்வியை அதிகமாக்கும். எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ வருட ஊசியோ எடுக்கிற அம்மாக்கள் அதை மறக்காமல் சொல்ல வேண்டும். அந்த வகை மருந்துகள் சிலவற்றால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தாங்களாகவே அதை நிறுத்திவிட்டு வரக் கூடாது. தாடை வளர்ந்து முடியாத பிள்ளைகளுக்கு இம்ப்ளான்டே கிடையாது.

அவசரம் நம் ஊருக்கே உரிய நோய். பெரிய ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வந்து லாட்ஜில் பத்து நாள் தங்குகிறவர்கள், இருக்கிற நாளுக்குள் பல்லையும் முடித்துக்கொண்டு போகலாம் என்று கேட்பார்கள். மேல்விஷாரம், ஆம்பூர்ப் பக்கம் வளைகுடாவிலிருந்து ஒரு மாத லீவில் வருகிறவர்களும் அப்படித்தான். 1952-ல் ஸ்வீடனில் பிரானெமார்க் என்ற மருத்துவர், ஆராய்ச்சிக்காக முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியத்தைத் திரும்ப எடுக்கப் போனார். வரவில்லை, எலும்பு அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பிடிதான் இம்ப்ளான்டின் உயிர். அது கெட்டியாகப் பொதுவாக 3 முதல் 6 மாதம் ஆகும். சிலருக்கு அன்றைக்கே தற்காலிகப் பல் வைக்க முடியும்தான், ஆனால் அது அவரவர் எலும்பைப் பார்த்து முடிவு செய்வது. டிக்கெட் தேதியை வைத்து அல்ல. முதல் லீவில் திருகை வைத்துவிட்டு, அடுத்த லீவில் கேப் போட்டுக்கொள்ளலாமே. நடுவில் கழற்றி மாட்டும் பல் ஒன்று போதும்.

கழற்றி மாட்டும் பல்செட்டை ஏழைகளின் வைத்தியம் என்று இளக்காரமாக நினைப்பதும் தவறு. நிறைய பற்கள் போனவருக்கு அது மரியாதையான வழி. ஆனால் சொந்தப் பல் மாதிரி கடிக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முழுப் பல்செட்டின் கடி, சொந்தப் பல்லின் கடியில் கால் பங்குகூட வராது. கீழ் செட் ஆடத்தான் செய்யும், நாக்கு அதைத் தள்ளிக்கொண்டே இருக்கும். முதல் வாரம் முறுக்கு வேண்டாம், ஆற்காடு மக்கன் பேடா மாதிரி மெத்தென்று இருப்பதில் ஆரம்பியுங்கள். ராத்திரி கழற்றித் தண்ணீரில் போடுங்கள். கொதிக்கிற தண்ணீரில் போட்டால் வளைந்துவிடும், டூத் பேஸ்ட் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். ஃபிளெக்சிபிள் செட் என்றால் பலருக்கு ஆசை, கம்பி தெரியாது, மெலிதாக இருக்கும். ஈறு இறங்கிச் செட் லூஸ் ஆனால் சாதாரண செட்டுக்கு உள்ளே பூசிச் சரிபண்ணலாம். ஃபிளெக்சிபிளில் அது லேசில் நடக்காது, பெரும்பாலும் புதிதுதான்.

விலை கேட்கும்போது, சொன்ன தொகையில் என்னென்ன அடக்கம் என்று எழுதி வாங்குங்கள். திருகு, அதன் மேல் வரும் இணைப்பு, கேப், ஸ்கேன், எலும்புப் பொடி எல்லாம் தனித்தனி. குறைந்த விலையாகத் தெரிவது பல சமயம் திருகுக்கு மட்டும் சொன்ன விலையாக இருக்கும்.

இன்னொன்று. வேறு ஊரில் இம்ப்ளான்ட் போட்டு, சில வருடம் கழித்து இங்கே வந்து, 'கேப் ஆடுது' என்பவர்கள் இருக்கிறார்கள். பெரும்பாலும் உள்ளே இருக்கும் சின்ன ஸ்குரூ தளர்ந்திருக்கும், முறுக்கினால் முடிந்துவிடும் வேலை. ஆனால் பல கம்பெனிகளின் ஸ்குரூத் தலை ஒன்றுபோல இருக்காது, முறுக்கும் கருவியும் மாறும். எந்தக் கம்பெனி என்று அவருக்குத் தெரியாது, எக்ஸ்ரேயைப் பார்த்து நாங்களும் டாக்டரும் ஊகிக்க வேண்டும். போட்ட அன்றைக்கு டப்பாவிலிருந்து ஸ்டிக்கர் ஒட்டி ஒரு அட்டை தருவார்கள். தராவிட்டால் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டு இருக்கிற இடத்திலேயே போட்டு வையுங்கள்.